விஷன் பிளானுக்கு டிக் அடிக்கலாமா? கேள்வி பதில்

அமெரிக்க ஆபீஸ்களில் வருடத்துக்கு ஒரு முறை இன்ஷூரன்ஸ் பிளான்களைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் மெயில் வந்துவிட்டது. மெடிக்கல், டென்டல் எல்லாம் முடித்துவிட்டு, கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்குமான விஷன் கட்டத்தில் யோசித்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த வருடமும் நிறைய. நான் ஆப்டிகல் கடையில் இன்ஷூரன்ஸ் பில்லிங் பார்ப்பவள் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கீழே வரும் தொகைகள் எல்லாம் வழக்கமாக நான் பார்ப்பவை. உங்கள் ஆபீஸ் பிளான் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

அக்கா, மாதம் 8 டாலர் பிடிப்பார்களாம். என் பவர் சில வருடங்களாக மாறவில்லை. கண்ணாடி சென்னை போகும்போது போட்டுக்கொள்வேன். இது தேவையா? (இர்விங், டெக்சாஸ்)

இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்தால் குழம்பிவிடுவீர்கள். இது நகைக்கடைச் சீட்டு மாதிரி. மாதாமாதம் கட்டுகிறீர்கள், அவர்கள் சொல்லும் கடையில் சலுகையோடு பொருள் எடுக்கிறீர்கள். ஆனால் இதில் எடுக்காவிட்டால் போனது போனதுதான்.

வருடத்துக்கு 96 டாலர். வரிக்கு முன் பிடிப்பதால், 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் சேர்த்துப் பார்த்தால் கையை விட்டுப் போவது 68 டாலர்தான். பதிலுக்கு 10 டாலர் கோபேயில் (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) ஒரு கண் பரிசோதனை, 25 டாலர் கோபேயில் சாதாரண லென்ஸ், ஃபிரேமுக்கு 150 டாலர் வரை அலவன்ஸ் (பிளான் தரும் தொகை). இங்கேயே கண்ணாடி வாங்குபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். சென்னையில்தான் வாங்குவேன் என்றால் மிஞ்சுவது பரிசோதனை மட்டும். கோபேயும் சேர்த்து 78 டாலர் ஆகிறது. மொத்த விற்பனைக் கிளப் கடைகளில் கையில் காசு கொடுத்தாலே கிட்டத்தட்ட அந்த விலைக்குப் பார்த்துவிடலாம். எடுக்காவிட்டால் குடி முழுகாது.

ஒன்று மட்டும்: வேண்டாம் என்று விட்டால் திருமணம், குழந்தை பிறப்பு போல ஏதாவது வந்தாலொழிய அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் வரை உள்ளே நுழைய முடியாது.

எனக்கு 46 வயது, சுகர் உண்டு. கண் டாக்டர் விஷன் பிளானை விட்டுவிட்டு மெடிக்கலில் பில் போட்டார். 180 டாலர் வந்தது. இது ஏமாற்று வேலைதானே? (எடிசன், நியூ ஜெர்சி)

இல்லைங்க. இந்தக் கேள்வி கடையில் தினமும் வரும், கோபத்தோடு வரும்.

விஷன் பிளான் பார்ப்பது பவரை. "கண்ணாடி மாற்ற வேண்டுமா" என்று போனால் அது விஷன். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா, கண் அழுத்தம் கூடியிருக்கிறதா, கண் சிவந்து வலிக்கிறதா, புரை வளர்கிறதா என்று நோயைப் பார்த்தால் அது மெடிக்கல். ஒரே நாற்காலி, ஒரே டாக்டர், ஆனால் பில் போகும் இடம் வேறு. மெடிக்கல் பிளான் பணம் தர ஆரம்பிக்கும் முன் நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டிய டிடக்டிபிள் இன்னும் தீராததால் 180 டாலரும் உங்கள் தலையில் விழுந்தது. அது டிடக்டிபிளில் வரவு வைக்கப்பட்டிருக்கும், பாருங்கள்.

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க டயபடிஸ் அசோசியேஷன். விழித்திரைக் கோளாறு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. மங்கிய பிறகு போனால் பாதி வேலை கை மீறியிருக்கும். ஆகவே பில்லைப் பார்த்துக் கோபப்பட்டு அடுத்த வருடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். கவுண்டரில் 39 டாலருக்கு எடுக்கச் சொல்லும் ரெட்டினா போட்டோ நல்லதுதான். ஆனால் சுகர் உள்ளவர் அதை எடுத்துக்கொண்டு, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைத் தவிர்ப்பது சரியில்லை.

அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "எதில் பில் போடுவீர்கள், இரண்டிலும் பிரித்துப் போட முடியுமா" என்று கேளுங்கள். பவர் பார்க்கும் பகுதியைப் பெரும்பாலான மெடிக்கல் பிளான்கள் ஏற்பதில்லை. சில இடங்களில் அதை மட்டும் விஷனில் போட்டுத் தருவார்கள்.

என் மனைவிக்குக் கான்டாக்ட் லென்ஸும் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். (சான் ஹோசே)

அந்த வருட அலவன்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான். கான்டாக்ட் ஃபிட்டிங் கட்டணம் தனி, 60 டாலர் வரை கேட்பார்கள். கான்டாக்ட்டுக்கு அலவன்ஸைப் போட்டுவிட்டு, பழைய ஃபிரேமில் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

150 டாலர் அலவன்ஸ் இருந்தும் கடையில் 320 டாலர் கட்ட வைத்துவிட்டார்கள். எப்படி? (சார்லட்)

ஃபிரேமில் கொஞ்சம் போயிருக்கும். மீதி முழுக்க லென்ஸ் மேல் ஏற்றியவை. நாற்பது தாண்டியவர் என்று நினைக்கிறேன், தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரெசிவ் கேட்டிருப்பீர்கள். அதில் ஸ்டாண்டர்ட், பிரீமியம், கஸ்டம் என்று படிகள் உண்டு. பல பிளான்களில் மேல்படிக்கு 100 முதல் 175 டாலர் வரை தனியாகக் கட்ட வேண்டும். கூசாமல் இருக்க ஒரு கோட்டிங், நீல ஒளிக்கு ஒரு கோட்டிங். என்னைக் கேட்டால் முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம்.

இந்தத் தொழிலில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐமெட் விஷன் பிளான், லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடை, ரே-பான் ஃபிரேம் மூன்றும் எஸிலோர்லக்ஸாட்டிகா என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம். 1955-ல் ஓக்லண்டில் கண் பரிசோதனை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த இன்னொரு விஷன் பிளான் கம்பெனியான விஎஸ்பியும் இன்று விஷன்வொர்க்ஸ் கடைகளையும் மார்ச்சான் ஃபிரேம் கம்பெனியையும் கையில் வைத்திருக்கிறது. அலவன்ஸ் கொடுக்கும் கையும் விலை ஒட்டும் கையும் பல நேரம் ஒன்றுதான்.

பரிசோதனையை நெட்வொர்க்கில் (பிளான் ஏற்கும் டாக்டரிடம்) முடித்துக்கொண்டு கண்ணாடியை ஆன்லைனில் வாங்கினால் பல சமயம் மலிவு. டாக்டர் உங்கள் பிரிஸ்கிரிப்ஷனைக் கேட்காமலேயே கையில் தர வேண்டும், அது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதி. தந்ததற்கு உங்களிடம் ஒப்புதலும் வாங்க வேண்டும் என்று 2024-ல் அதை இறுக்கினார்கள். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரமான பி.டி. அளவைத் தர வேண்டும் என்று மட்டும் அந்த விதியில் இல்லை. பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் ஷாப்பில் வேலை. பவர் போட்ட சேஃப்டி கண்ணாடிக்குக் கம்பெனி பணம் தராதா? (டெட்ராய்ட் பக்கம்)

கண்ணுக்குப் பாதுகாப்பு தருவது கம்பெனியின் பொறுப்பு, அது வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் விதி. ஆனால் பவர் போட்ட சாதாரண சேஃப்டி கண்ணாடியை வேலைக்கு வெளியேயும் போட்டுக்கொள்ள விட்டால், அதற்குப் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குப் பதில் உங்கள் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் காகிள்ஸ் கொடுத்துவிடலாம். ஆனாலும் சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள். விஷன் பிளானுக்கு வெளியே தனியாக சேஃப்டி கண்ணாடித் திட்டம் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் பல, யாரும் வலிய வந்து சொல்வதில்லை.

எச்எஸ்ஏ வைத்திருக்கிறேன். எஃப்எஸ்ஏவும் போடலாமா? (சியாட்டில்)

இரண்டுமே மருத்துவச் செலவுக்கு வரிக்கு முன் பணம் ஒதுக்கும் கணக்குகள்: எச்எஸ்ஏ உங்கள் சொந்தச் சேமிப்பு, எஃப்எஸ்ஏ ஆபீஸ் வழியாக அந்த வருடத்துக்கு ஒதுக்குவது. எச்எஸ்ஏவோடு சாதாரண எஃப்எஸ்ஏ கூடாது. கண்ணுக்கும் பல்லுக்கும் மட்டுமான லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ போடலாம், 2025-ல் உச்சவரம்பு 3,300 டாலராக இருந்தது. லேசிக் செய்ய நினைப்பவருக்கு இது நல்ல வழி. விஷன் பிளான் லேசிக்குக் கொடுப்பது வெறும் தள்ளுபடி, பெரும்பாலும் 15 சதவீதம்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வருகிறார்கள். என் பிளானில் சேர்க்கலாமா? (அட்லாண்டா)

முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸும் கண்ணாடிக்கு உதவாது. கிளம்பும் முன்பே அங்கே காட்டி, கூடுதலாக ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

லேஆஃப் நோட்டீஸ் வந்துவிட்டது அக்கா. எச்1பி விசாவில் இருக்கிறேன். விஷன் பிளான் என்ன ஆகும்? (ஆஸ்டின்)

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி. கவரேஜ் கடைசி வேலை நாளோடு முடிகிறதா, அந்த மாத முடிவு வரை இருக்கிறதா என்று முதலில் எச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் குடும்பத்தோடு பரிசோதனை முடித்து ஆர்டரும் கொடுத்துவிடுங்கள். எஃப்எஸ்ஏ இருந்தால் வருடம் முழுவதற்கும் நீங்கள் எழுதிக்கொடுத்த தொகை, இன்னும் சம்பளத்தில் பிடிக்காவிட்டாலும், வேலையில் இருக்கும் வரை உங்களுக்குக் கிடைக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. வேலை போன பிறகும் சொந்தப் பணம் கட்டி ஆபீஸ் கவரேஜைத் தொடரும் கோப்ராவில் சேர 60 நாள் அவகாசம் உண்டு, விஷன் தனி பிளானாக இருந்தால் அதை மட்டும்கூடத் தொடரலாம். ஆனால் கண்ணாடி கைக்கு வந்துவிட்டால் விஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தக் காசை மெடிக்கலுக்கு வையுங்கள்.