குச்சி கொடுத்தால் கிழவியா?

கேள்வி: ஃபின்லாந்தில் தம்பேரே நகரிலுள்ள மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வயது 63, உயரம் 155 செ.மீ. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படி இறங்கினால் வலது முழங்கால் வலிக்கிறது. மருமகள் இரண்டு குச்சிகளை வாங்கி வந்து, "இவற்றோடு நடங்கள் அத்தை" என்கிறாள். என்னைக் கிழவியாக்கிவிட்டாளே! கைவீசி நடப்பதைவிட இதில் என்ன பயன்?
- ஒரு வாசகி, தம்பேரே

பதில்: மருமகளைக் கோபிக்காதீர்கள். பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையில் பயிற்சிக்காகக் கையாண்ட முறை இது. 'சௌவகேவெலி' என்பார்கள், கோல்நடை என்று பொருள்.

இயன்முறை மருத்துவராக ஹெல்சிங்கியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது நானும் கற்றுக்கொண்டேன். முதல் நாள் வலக்காலும் வலக்கையும் ஒன்றாகவே போயின. எதிரே வந்த பாட்டி ஒருவர் நின்று, பிடியை விடு என்று சைகை காட்டினார். கோல்கள் கைப்பட்டையில் தொங்கியபடி பின்னால் இழுபட, கைகளைச் சும்மா வீசி நடந்தேன். நூறு அடி போவதற்குள் தாளம் தானாக வந்துவிட்டது. நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பிறகு கோலைச் சாய்வாக ஊன்றி, இடுப்பைத் தாண்டும்வரை பின்னோக்கித் தள்ளுங்கள். தள்ளி முடிந்ததும் உள்ளங்கை விரியட்டும்.

பயனெல்லாம் அந்தத் தள்ளலில்தான். கை, தோள், முதுகுத் தசைகளும் உழைக்கின்றன. அமெரிக்காவின் கூப்பர் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண நடையைவிட ஆக்சிஜன் செலவு சராசரியாக 20 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் நடந்தவர்கள் அதைக் கூடுதல் சிரமமாக உணரவில்லை. நாடித்துடிப்பும் ஏறும் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதலில் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். மருமகளோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

முழங்காலுக்கு இது மருந்து என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். சமதரையில் மூட்டின் சுமை பெரிதாகக் குறைவதை அளவீடுகள் காட்டவில்லை. இறக்கத்தில் கோலை முன்னால் ஊன்றி இறங்கினால் சுமை குறையும். உங்களுக்கு அங்கேதான் உதவும்.

உயரத்தை 0.68ஆல் பெருக்கினால் கோலின் அளவு: உங்களுக்கு 105 செ.மீ. தார்ச்சாலையில் நுனிக்கு ரப்பர் குமிழ் மாட்டுங்கள். அதன் மூக்கு பின்பக்கம் பார்க்க வேண்டும். பாதிப்பேர் திருப்பி மாட்டிவிட்டுச் சறுக்குகிறது என்று புலம்புவார்கள். உறைபனி வந்தால் குமிழைக் கழற்றிவிடுங்கள், கூர்நுனி பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஏரிக்கரைப் பாதை போதும். பழகிய பிறகு ப்யூனிக்கி மேட்டில் ஏறுங்கள். அங்கே கோபுரத்துக் கடையில் சுடச்சுட 'முங்க்கி' பொரிப்பார்கள்; இனிப்பு வடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்று வாங்கி மருமகளுக்குப் பாதி கொடுங்கள்.