நாலாம் நாள் சிகரெட்டை எப்படித் தாண்டுவது?

கேள்வி: வயது 41. பதினெட்டு வருடமாக நாளுக்குப் பதினைந்து சிகரெட். விலை ஏறுகிறது, பெட்டியில் பயமுறுத்தும் படம் போடுகிறார்கள், அலுவலகத்தில் பிடிக்க முடியாது, டாக்டரும் பார்க்கும்போதெல்லாம் ‘விட்டுவிடுங்கள்’ என்கிறார். மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் நாலாம் நாள் பற்றவைத்துவிட்டேன். நிகோடின் சூயிங் கம்மும் மென்றேன், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். எனக்கு மனஉறுதி போதவில்லையா?

பதில்: மூன்று முறை விட்டவருக்கு மனஉறுதி இல்லாமலா இருக்கும்? அந்தப் பேச்சை விடுங்கள். இரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அதற்குப் பழகிப்போன மூளை அடங்க வாரக்கணக்கில் ஆகும். எரிச்சல், தூக்கமின்மை, ஏங்கும் மனம் எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுந்தது அந்த உச்சியில் நின்றபடிதான்.

வரியும் தடையும் உங்களை விடவைக்கவில்லை என்பது உண்மை. அவற்றின் வேலை வேறு. விலை 10 சதவீதம் ஏறினால், வசதியான நாடுகளில் சிகரெட் விற்பனை சுமார் 4 சதவீதம் குறைகிறது. ‘இன்னொரு முறை முயன்று பார்ப்போம்’ என்ற நினைப்பை அது கிளப்பிவிடும், அவ்வளவுதான். அயர்லாந்து 2004இல் வேலையிடங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை போட்டது. புகைக்காதவரைக் காக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் விட்டு நாலு நாளான ஒருவருக்கு, பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசாத மேசை எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களுக்கே தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் அப்படிப்பட்ட இடங்களாகப் பார்த்து உட்காருங்கள்.

டாக்டரின் ‘விட்டுவிடுங்கள்’ பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை வார்த்தையால் நூறு பேரில் ஓரிருவர்தான் கூடுதலாக விடுகிறார்கள். மருந்தும் தொடர்ந்த ஆலோசனையும் சேர்ந்தால்தான் கணிசமான பலன். 2005இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும், வரி போடுவதோடு நிற்காமல் விடுவதற்கான சிகிச்சையும் கொடுங்கள் என்றுதான் அரசுகளிடம் கேட்கிறது. ஆகவே நீங்களே கேளுங்கள்: எனக்கு எந்த மருந்து, எந்தத் தேதியில் விடுவது, அதற்கப்புறம் எப்போது வந்து பார்ப்பது? பல நாடுகளில் இலவச ஆலோசனை எண் சிகரெட் பெட்டியிலேயே இருக்கிறது. படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பெட்டியைத் திருப்பி வைப்பவர்கள் அந்த எண்ணையும் தவறவிடுகிறார்கள்.

சூயிங் கம்மை நீங்கள் சாதாரண மிட்டாய் போல மென்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாறு வயிற்றுக்குப் போனால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் வரும். நிகோடின் ஏற வேண்டியது கன்னத்தின் உட்புறம் வழியாக. நாலைந்து முறை மெதுவாக மெல்லுங்கள். சுர்ரென்று காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. காபியோ பழச்சாறோ குடித்துக் கால் மணி நேரமாவது போன பிறகு வாயில் போடுங்கள், புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது.

பதினைந்து சிகரெட் பிடிப்பவருக்குக் கம் மட்டும் போதாது என்பது என் கருத்து. நாள் முழுக்கத் தோலில் ஒட்டியிருக்கும் நிகோடின் பேட்ச், திடீர் ஏக்கத்துக்குக் கம் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது. சிகரெட் ஏக்கத்தைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை இன்னொரு வழி. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, வழக்கமாக 12 வாரம் எடுக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை உங்கள் மற்ற நோய்களைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

அப்புறம் காபி. சிகரெட் புகை, கல்லீரல் கஃபீனை வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தினால் அதே இரண்டு கோப்பை உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும், நீங்கள் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வீர்கள். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு), க்ளோசபைன் (மனநோய்க்கு) போன்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடும். அவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், தேதி குறிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.