ஏலாவும் ஏலமும்

கேள்வி: தாவீது கோலியாத்தை வீழ்த்திய இடம் 'ஏலா பள்ளத்தாக்கு'. இந்த ஏலா நம் ஏலக்காய்தான், எபிரேயமே தமிழிலிருந்து பிறந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, அம்மா. ஏலா என்பது ஒரு பெருமரத்தின் பெயர். பிஸ்தா மரத்துக்கு நெருங்கிய உறவு. மாவும் முந்திரியும் இதே குடும்பம்தான். மாங்காயின் காம்பைக் கிள்ளினால் பால் பீறிடுமே, அதுபோல இதன் பட்டையைக் கீறினால் மணமுள்ள பிசின் கசியும். குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் வாழும். எருசலேமுக்குத் தென்மேற்கே உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் கோடை முழுக்க மழை கிடையாது. மலைக்காட்டு நிழலும் ஈரமும் கேட்கும் ஏலம் அங்கே எப்படி விளையும்?

உங்கள் வீட்டு வேதாகமத்தில் 2 சாமுவேல் 18:9-ஐப் பாருங்கள். தாவீதின் மகன் அப்சலோமின் தலை மாட்டிக்கொண்ட "பெரிய கர்வாலி மரம்" (கர்வாலி என்றால் ஓக்) எபிரேய மூலத்தில் ஏலாதான். ஏலச்செடி வெறும் தட்டை. ஓர் ஆள் சிக்கித் தொங்கும் கிளை அதில் ஏது?

குழப்பத்துக்கு மொழிபெயர்ப்புகளும் ஒரு காரணம். பழைய எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை. அவை பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு சேர்ந்தவை. ஓரளவு அதனால் 'ஏலா', 'அல்லோன்' போன்ற மரப்பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. அல்லோன் என்பது ஓக் மரம். ஏசாயா 6:13-இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் அங்கே "கர்வாலிமரமும் அரசமரமும்" என்று இருக்கிறது. படிப்பவர் மனத்தில் ஒரு பெருமரம் நிற்கட்டும் என்று அரசமரத்தைப் போட்டிருப்பார்கள் போலும். நோக்கம் புரிகிறது; ஆனாலும் அது பிழை. ஆதியாகமம் 12:6-இல் மோரேயின் மரம் "சமபூமி" ஆகி, மரமே காணாமல் போயிற்று. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்: ஆபிரகாம் வந்து தங்கிய இடத்தின் அடையாளமே அந்த மரம்.

தமிழுக்கு எபிரேயத்தில் பெருமை தேட வேண்டுமானால் 1 இராஜாக்கள் 10:22 இருக்கிறது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு அங்கே 'துக்கி' என்று பெயர். அது நம் 'தோகை' என்று கால்டுவெல் எழுதினார். அங்கே சரக்கு இருக்கிறது, கப்பல் இருக்கிறது, ஒலியும் பொருளும் ஒத்துப்போகின்றன. ஏலாவுக்கும் ஏலத்துக்கும் ஒலி ஒன்றுதான் ஒத்திருக்கிறது. சொற்பொழிவாளரை மறுபடி பார்த்தால் அப்சலோம் வசனத்தைக் காட்டிக் கேளுங்கள்.