கமா வெச்சு வெட்டறது: சி மொழில ஸ்டர்டோக் (strtok: ஸ்டிரிங்க, அதாவது எழுத்துத் தொடர, துண்டு துண்டா வெட்டற ஃபங்ஷன்) சந்தேகங்க

பாலக்கோடு தம்பி: அண்ணா, ஸ்டர்டோக் கூப்புட்டதும் செக்மென்டேஷன் ஃபால்ட்னு (தொடக்கூடாத மெமரிய தொட்டா வர எரர்) புரோகிராம் நின்னுடுது. என்ன தப்பு?

பதில்: கேரக்டர் பாயிண்டர் (எழுத்துங்க இருக்கற எடத்த மட்டும் காட்டறது) வெச்சு, அதுக்கு நேரா மேற்கோள் குறிக்குள்ள ஸ்டிரிங் குடுத்திருப்ப. அந்த ஸ்டிரிங்க மாத்தக்கூடாது, ஆனா ஸ்டர்டோக் காப்பி எடுத்துலாம் வெட்டாது, உன் ஸ்டிரிங்லயே கமா இருந்த எடத்துல பூஜ்ஜிய பைட்ட எழுதிடும், அங்கதான் அடி வாங்குது. பாயிண்டர எடுத்துட்டு அரேவா (எழுத்துங்களயே வரிசையா வெச்சுக்கற, மாத்தக்கூடிய எடம்) வை, ஓடும். மூல லைன் பின்னாடி வேணும்னா முதல்லயே காப்பி எடுத்துக்கோ.

காவேரிப்பட்டணம்: மாங்கா மண்டி கணக்கு சார். "தோத்தாபுரி,,40"னு வெலை காலியா இருந்தா, 40 கூடைங்கறது வெலை எடத்துல போய் உக்காந்துக்குது.

பதில்: நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன். அடுத்தடுத்து ரெண்டு கமா வந்தா ஸ்டர்டோக் ஒண்ணாதான் பாக்கும், காலி ஃபீல்ட முழுங்கிடும். ஸ்டர்செப்னு (strsep) இன்னொரு ஃபங்ஷன் காலியையும் காலியாவே குடுக்கும், ஆனா அது சி ஸ்டாண்டர்டுல கெடையாது, லினக்ஸ்ல இருக்கு, விண்டோஸ்ல தேடாதீங்க. என்னக் கேட்டா ஸ்டர்சிஸ்பேன்தான் (strcspn), அடுத்த கமா வரைக்கும் எத்தன எழுத்துன்னு எண்ணி மட்டும் சொல்லும், ஸ்டிரிங்க தொடாது. கணக்கு வழக்குக்கு அதான் நிம்மதி.

பர்கூர்: வெளி லூப்ல லைன் லைனா, உள் லூப்ல கமா. முதல் லைனோட முடிஞ்சுடுதுங்கண்ணா.

பதில்: ஸ்டர்டோக் எங்க விட்டோம்னு ஒரே ஒரு எடத்துலதான் குறிச்சு வெச்சுக்கும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல சீட்டுக்கு துண்டு போட்டுட்டு டீ குடிக்க எறங்குற, வரதுக்குள்ள அத எடுத்துட்டு இன்னொருத்தர் துண்டு போட்டுட்டார், அவ்ளோதான். வெளி லூப் திரும்பி வந்து நல் (NULL, 'விட்ட எடத்துல இருந்து தொடரு'னு அர்த்தம்) குடுத்து கேட்டா, உள் லூப் முடிச்ச எடத்துல இருந்து தேடி, ஒண்ணும் இல்லன்னு கெளம்பிடுது. ஸ்டர்டோக்-ஆர் (strtok_r) போடு, அதுல லூப்புக்கு லூப்பு துண்டு தனி.

ஊத்தங்கரை: "=>"னு டெலிமிட்டர் (எங்க வெட்டணும்னு சொல்ற குறி) குடுத்தா தனி "=" வர எடத்துலயும் வெட்டுதே?

பதில்: அது ஒரு சொல்லு இல்ல, ரெண்டுல எது வந்தாலும் வெட்டுனு அர்த்தம். முழுசா தேட ஸ்டர்ஸ்டர் (strstr).

ஓசூர்: தமிழ் டெக்ஸ்ட வெட்டலாமா?

பதில்: கமாவுல தாராளமா வெட்டலாம், யூடிஎஃப்-8ல (எழுத்துங்கள பைட்டா சேமிக்கற முறை) தமிழ் எழுத்துக்குள்ள கமா பைட் வரவே வராது. தமிழ் எழுத்தையே டெலிமிட்டரா குடுத்துடாதீங்க, "க" ஒண்ணே 3 பைட்டு, அதுல எந்த பைட்ட பாத்தாலும் வெட்டிடும், முதல் பைட்டு எல்லா தமிழ் எழுத்துக்கும் ஒண்ணுதான், மொத்தமும் கொத்துக்கறி ஆயிடும்.