பார்த்த சேலை பின்னாலேயே வருகிறது

கேள்வி: வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) வருகிறது. மருமகளுக்குத் தெரியாமல் காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று எடுக்கலாம் என்று இணையக் கடை ஒன்றில் பார்த்தேன். நுழைந்ததும் 'எல்லாக் குக்கீகளையும் ஏற்கிறேன்' என்று பெரிய பொத்தான் வந்தது, அழுத்திவிட்டேன். மறுநாள் முதல் செய்தி படித்தாலும் சமையல் குறிப்பு பார்த்தாலும் அதே அரக்குச் சேலைதான் விளம்பரமாக வருகிறது. எல்லோரும் எடுக்கும் போன் அது. மருமகளும் பார்த்துவிட்டாள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: முடியும், ஆச்சி. உங்கள் மேல் தவறில்லை; 'மறுக்கிறேன்' என்பதை மூன்று பக்கம் தள்ளி ஒளித்து வைப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

கூடையில் போட்ட சேலையை நினைவில் வைத்திருக்கக் கடை உங்கள் போனில் ஒரு சிறு குறிப்பை வைக்கிறது; அதுதான் குக்கீ. அது இருக்கட்டும். ஆனால் அந்தப் பெரிய பொத்தான் விளம்பர நிறுவனங்களையும் சேர்த்து உள்ளே விடுகிறது. முகப்பில் வைத்துப் பேச ஒருவரை அழைத்தீர்கள். அவரோடு முன்பின் தெரியாத நான்கு பேர் வீட்டின் உள்முற்றமான வளவுவரை வந்துவிட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக என்று தெரிந்து, மனமுவந்து தருவதே ஒப்புதல். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கவும் வழி செய்ய வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பகுதிகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை, தரப்பட்டது. இவ்வளவு நீண்ட அவகாசம் நிறுவனங்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானைப் பெரிதாக்கி மற்றதை மறைப்பது போன்ற 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: போனில் இணையம் பார்க்கும் செயலியின் அமைப்புகளுக்குள் போய்க் குக்கீகளை அழித்துவிடுங்கள். மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது கடை அல்லாத விளம்பர நிறுவனங்கள் போன்றவை வைப்பவற்றை, தடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால், கூகுள் அமைப்புகளில் 'விளம்பரங்கள்' பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணையும் நீக்குங்கள். மற்றச் செயலிகளில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் உங்களை அடையாளம் காண்கின்றன. அடுத்த முறை பரிசுப் பொருள் தேடும்போது மறைநிலைச் சாளரத்தில் (Incognito) பாருங்கள். மூடியதும் குக்கீகள் அழிந்துவிடும்.

அந்தக் கடையில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால், குக்கீயை அழித்தாலும் எண் அவர்களிடம் இருக்கும். 'ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், என் எண்ணை நீக்குங்கள்' என்று கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.