அந்த டம்ளரைத் தனியே வைக்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. புகையிலை, பான், மது எதையும் தொட்டதில்லை. முகம் மழிக்கும்போது தாடைக்குக் கீழே வலியில்லாத கட்டி ஒன்று தட்டுப்பட்டது. நெறிகட்டியிருக்கும் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். இப்போது டான்சிலில் புற்றுநோய், காரணம் வைரஸ் என்கிறார்கள். அன்று முதல் மாமியார் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறார். இது தொற்றுமா? 13 வயது மகனுக்குத் தடுப்பூசி தேவையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முதலில் அந்த டம்ளரை மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிடுங்கள், அம்மா. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் தட்டு, டம்ளர் வழியாகப் பரவுவதன்று. அது பெரும்பாலும் உடலுறவின் வழியாக, தொண்டையைப் பொறுத்தவரை வாய்வழி உறவின் மூலம், உடலுக்குள் வருகிறது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே விரட்டிவிடுகிறது. எவரோ சிலரிடம் மட்டும், குறிப்பாக அதன் 16ஆம் வகை, டான்சிலின் மடிப்புகளிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறுகிறது. ஆகவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் கண்டறிய முடியாது. அந்தக் கேள்வியைத் தங்கள் இருவருக்கும் நடுவே வர விடாதீர்கள்.

நம் நாட்டில் கன்னத்திலும் நாக்கின் முன்பகுதியிலும் வரும் புற்றுக்குப் புகையிலையும் பாக்குமே முதன்மைக் காரணங்கள் என்பதால், எந்தப் பழக்கமும் இல்லாதவரின் கழுத்துக் கட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. வலிக்காத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தங்கள் கணவரைப் பொறுத்தவரை, திசுப் பரிசோதனையில் பி16 (இந்த வைரஸின் தடயத்தைக் காட்டும் புரதம்) பார்த்தார்களா என்று கேளுங்கள். வைரஸால் வரும் தொண்டைப் புற்று, கழுத்து நெறிகளுக்குப் பரவிய நிலையிலும், புகையிலையால் வருவதைவிடக் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது.

மகனுக்குத் தடுப்பூசி போடலாம்; 15 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு ஊசிகள் போதும். புனேயில் தயாராகும் செர்வாவேக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2023 முதல் கிடைக்கிறது. ஏற்கெனவே வந்த நோயை ஊசி குணப்படுத்தாது என்பதால் கணவருக்கு அது சிகிச்சை ஆகாது. இதே வைரஸ் கருப்பை வாய்ப் புற்றுக்கும் காரணம் என்பதால், தாங்கள் வழக்கமான கருப்பை வாய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். வாய் வறண்டு சப்பாத்தி தொண்டையில் இறங்காத வாரங்கள் வரும்; அப்போது குழையப் பிசைந்த தயிர் சாதத்தையாவது, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை, சிறிது சிறிதாக அவர் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்காமல் விட்ட தொண்டை அந்தப் பழக்கத்தை மீண்டும் பெற வெகுகாலம் ஆகும்.