லேசிக்குக்குப் பிறகு பழைய லென்ஸே போதுமா?

கேள்வி: லேசிக் (பார்வையைச் சரிசெய்யும் லேசர் அறுவை சிகிச்சை) செய்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது மறுபடியும் மைனஸ் 1.25 வந்திருக்கிறது. முன்பு போட்ட அதே சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை, பவரை மட்டும் மாற்றி ஆன்லைனில் வாங்கலாமா? கடையில் ஸ்க்லீரல் என்ற பெரிய, கெட்டியான லென்ஸ்தான் போட வேண்டும் என்று பல மடங்கு விலை சொல்கிறார்கள்.

பதில்: பழையதை வாங்காதீர்கள். ஸ்க்லீரலுக்கும் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் கார்னியல் டோப்போகிராஃபி சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். பவர் திரும்பி வந்ததற்குக் கருவிழி பலவீனமாகி முன்தள்ளும் எக்டேசியா காரணமா என்பதைக் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், ஒப்பிட உதவும்.

கிட்டப்பார்வைக்கான லேசிக்கில் கருவிழியின் நடுப்பகுதிதான் தட்டையாகிறது, ஓரம் ஏறக்குறைய பழைய வளைவிலேயே இருக்கும். அதனால் பழைய லென்ஸ் ஓரத்தில் உட்கார்ந்தாலும் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கலாம். கண் சிமிட்டியதும் பார்வை தெளிந்து, உடனே மங்கினால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். நேர்மாறான தவறும் நடக்கிறது. கருவிழி வளைவை அளக்கும் கெரட்டோமீட்டர் கருவி அளப்பது நடுவிலுள்ள சுமார் 3 மில்லிமீட்டர் பகுதியைத்தான். அந்த எண்ணை மட்டும் நம்பி மிகவும் தட்டையான லென்ஸ் கொடுத்தால், அது நழுவும்; ஓரம் நெளிந்து உறுத்தும்.

டோப்போகிராஃபி சீராக இருந்தால், தினமும் மாற்றும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸை (ஆக்சிஜனை நன்றாக உள்ளே விடும் சாஃப்ட் லென்ஸ்) முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். லேசிக்கில் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் பலருக்குக் கண் வறட்சி வரும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். வறண்ட கண்ணில் எந்த சாஃப்ட் லென்ஸும் மாலைக்குள் தொல்லை தரும். சாஃப்ட் லென்ஸில் தெளிவு கிடைக்காவிட்டால், நடுவில் தட்டையாகவும் அதைச் சுற்றிச் செங்குத்தாகவும் வடித்த ரிவர்ஸ் ஜியோமெட்ரி ஆர்ஜிபி லென்ஸ் (காற்று ஊடுருவும் கெட்டியான லென்ஸ்) உண்டு.

எக்டேசியா, ஒழுங்கற்ற கருவிழி, கடும் வறட்சி இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்க்லீரல் நியாயமான தேர்வுதான். கருவிழியைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் லென்ஸ் அது. பிரிசர்வேடிவ் இல்லாத சலைனை (உப்புக் கரைசல்) லென்ஸின் விளிம்பு வரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து பொருத்த வேண்டும். குமிழி சிக்கினால் கழற்றி, மறுபடி போட வேண்டியதுதான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் மெல்லக் கருவிழியை நோக்கி அமிழும் என்பதால், பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஆர்டர் எடுக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன், பொருத்தும் கட்டணம் தனியா, அளவு சரியில்லாவிட்டால் எத்தனை முறை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். லென்ஸின் வளைவு, விட்டம், பவர், மெட்டீரியல் நான்கையும் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.